மூடியின் அடிப்பக்கம்

பத்து நாற்பதுக்கு உட்கார்ந்தேன், பன்னிரண்டு பத்து வரை உட்கார வேண்டும். தொண்ணூறு நிமிடம். சீல் ஒரே மூச்சில் எண்பது நிமிடம் வரைக்கும் தண்ணீருக்கடியில் தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் பத்து நிமிடம் நான் தருகிறேன் என்று பூங்கோதை மேடம் சீல்களைக் கணக்கெடுக்கிற அவர் சொன்னார், காய்கறிக்காரி கொசுறு போடுவது போல. அதற்குள் பனியிலுள்ள இந்தத் துளை வழியாகத் தாய் சீல் தலையைத் தூக்கினால் அது உயிரோடு இருக்கிறது. தூக்காவிட்டால் நோட்டில் ‘தாய் வரவில்லை’ என்று எழுதிவிட்டு நானும் அவரும் வண்டியேறி நிலையத்துக்குப் போய்விடுவோம், குட்டி இங்கேயே கிடக்கும். அதைத் தொடக்கூடாது, பால் கொடுக்கக்கூடாது, தூக்கிக்கொண்டு போகக்கூடாது. அண்டார்க்டிகாவில் எதையும் எதுவும் செய்யக்கூடாது, பார்க்கலாம், எழுதலாம். பிறந்து பதினெட்டு நாளான குட்டி பாலில்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். “ஒரு வாரம் கெடக்குங்க ரெமி, கொழுப்பு இருக்கறதால கூட ரெண்டு நாள் கெடந்தாலும் கெடக்கும்” என்றார். இருக்கும் என்று சொல்லவில்லை, கெடக்கும் என்றார். பொள்ளாச்சிக்காரர் அப்படித்தான் சொல்வாரோ என்னவோ. அவர் இப்போது முந்நூறு மீட்டர் தள்ளிச் சிவப்பு வண்டிக்குள் உட்கார்ந்து, மிதக்கும் பனிமலைப் பக்கம் உள்ள விரிசலைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரெண்டு பேர் துளையருகே இருந்தால் சீல் கூச்சப்படும். ஒருவன் அசையாமல் உட்கார வேண்டும். அசையாமல் உட்காருவதில் நான் கெட்டிக்காரன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வாக்கிடாக்கியில் பேச வேண்டும், அவ்வளவுதான். குட்டி மறுபடியும் கத்துகிறது. கன்றுக்குட்டி மாதிரியுமில்லை, பிள்ளை மாதிரியுமில்லை, ரெண்டுக்கும் நடுவில், ம்மா என்று தொடங்கி மா என்று முடிக்காமல் விட்டுவிடுகிறது. துளையின் விளிம்புக்கு வந்து தண்ணீரை மோந்து பார்க்கிறது, பிறகு என்னைப் பார்க்கிறது, பிறகு கத்துகிறது. கடல்நாய் என்று தமிழில் பேர் வைத்தவன் இதைப் பார்த்திருக்க மாட்டான். சாம்பல் நிறக் கம்பளிப் பைக்குள் பாதிக்கு அரிசியைக் கொட்டிக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது. நேற்றுப் பார்த்ததை விட வயிறு கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும். காலையிலிருந்து அதற்காகத்தான் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை.

கால்விரல் இருக்கிறதா என்று பூட்சுக்குள் ஆட்டிப் பார்க்கிறேன். இருக்கிறது, ஆனால் யாருடையதோ மாதிரி இருக்கிறது. நான் வந்த அன்றே நிலையத்து டாக்டர் சொல்லிவிட்டார், வலித்தால் பயப்படாதே, வலிக்காவிட்டால் ஓடி வா என்று. வலிக்காததைச் சொல்லிக்கொண்டு ஓடுவதென்றால் நான் இருபது மாதம் முன்பே ஓடியிருக்க வேண்டும். பத்து ஐம்பத்திரண்டு. நான் உட்கார்ந்திருப்பது ஒரு மரப்பெட்டி மேல். மரப்பெட்டி இருப்பது துளையின் மூடி மேல். மூடி துளைக்குப் பக்கத்தில் பனியில் கிடக்கிறது, மேல்பக்கம் மேலே, அடிப்பக்கம் அடியில், முறையாகத்தான் கிடக்கிறது, யாரும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பலகையின் அடியில் நாலு விரல் கனத்துக்குத் தெர்மாகோல் ஒட்டி நானே செய்த மூடி. இந்தத் துளையும் நான் போட்டதுதான், போன மாதம், சுடுதண்ணீர் பாய்ச்சி ரெண்டு மீட்டர் பனியைக் குடைந்து. கடலின் உப்பையும் சூட்டையும் அளக்கிற கருவியை இறக்குவதற்காகப் போட்டது. போட்ட நாலாம் நாளே சீல்கள் கண்டுபிடித்துவிட்டன. பக்கத்திலிருந்த அவற்றின் பழைய விரிசல் பனி நெருக்கி மூடிக்கொண்டது, உடனே இங்கே குடி வந்துவிட்டன. அதன் பிறகு துளை நம்முடையதில்லை, அவற்றுடையது என்று மேடம் சட்டம் போட்டுவிட்டார். காற்று வந்தால் மூடலாம், இல்லாவிட்டால் பனிப்பொடி விழுந்து துளை அடைந்துபோகும். ஆனால் மூடி லேசாக இருக்க வேண்டும், கீழேயிருந்து ஒரு சீல் தலையால் முட்டினால் எழும்ப வேண்டும். மூடி மேல் எதையும் வைக்கக்கூடாது. இதை அவர் எனக்கு ரெண்டு முறை சொன்னார், நிலையத்துச் சுவரிலும் எழுதி ஒட்டினார். நேற்று மாலை ஐந்து மணிக்குக் காற்று எழும்பியபோது நான் மூடியைப் போட்டு, அதன் மேல் இருபது லிட்டர் டீசல் கேன் ரெண்டை வைத்தேன். ரெண்டும் நிறைந்தது.

ஏன் வைத்தேன் என்று காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், போலீஸ்காரன் கேட்கிற மாதிரி, மரியாதையாக, திரும்பத் திரும்ப. இதற்கு முந்தின மூடி காற்றில் பறந்து போய்விட்டது, நிலையத் தலைவர் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார், அது ஒரு காரணம். ஆனால் அது காரணமில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து வள்ளத்தில் வளர்ந்தவன் கை அது. காற்று வருகிறதென்றால் தளத்தில் கிடப்பதைக் கட்டு, கட்ட முடியாவிட்டால் பாரம் வை. யோசித்துச் செய்வதில்லை. தூத்துக்குடியில் எந்த வள்ளத்துக்காரனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான், யோசிக்கிறவன் கொண்டு போன சாமானைக் கொண்டு வரமாட்டான் என்று. அந்தக் கையோடு இங்கே வந்துவிட்டேன். பாரம் வைப்பதற்கு முன்னால் பார்க்காமலுமில்லை. தலை எண்ணிவிட்டு எஞ்சினைப் போடு என்பதும் அதே வள்ளத்துப் பாடம்தான், எண்ணினேன். குட்டி ஒன்று. அதற்குப் பத்தடி தள்ளிப் பெரிதாக ஒன்று, முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. தாயும் பிள்ளையும் மேலே இருக்கிறது, கீழே யாருமில்லை என்று எண்ணி முடித்தேன். வாலடியில் இருக்கும் மஞ்சள் வில்லையில் நம்பர் பார்க்க வேண்டும். தாய்க்கு நானூற்றுப் பதினேழு. அந்தப் பக்கம் போக ஏழெட்டு எட்டு வைக்க வேண்டும், காற்று ஊசியாகக் குத்தியது, நான் போகவில்லை. ஏழெட்டு எட்டு. காலையில் வந்தபோது புயல் ஓய்ந்திருந்தது, பெரியதைக் காணோம், குட்டி மட்டும் பாதி பனியில் புதைந்து கேன்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் மேடத்துக்கு முன்னால் நடந்து வந்து கேன்களை எடுத்து ஸ்லெட்ஜ் வண்டியில் வைத்துவிட்டேன். மூடியைப் புரட்டினேன். அடிப்பக்கத்தில் தெர்மாகோல் இல்லை. ஒரு முறம் அளவுக்குச் சுத்தமாகக் கடித்துத் துப்பியிருந்தது. பலகையில் நீளநீளமாகக் கீறல், கீறலுக்குள் சிவப்பு, அது உறைந்து போயிருந்தது. நான் மூடியை மறுபடியும் கவிழ்த்துப் போட்டு, பெட்டியை இழுத்து மேலே வைத்து, உட்கார்ந்துவிட்டேன். மேடம் வந்து, “புயல்ல மூடி மேல பனி ஏறிருச்சுங்களா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தலையாட்டலில் ரெண்டும் இருக்கிறது.

பதினொன்று. வாக்கிடாக்கி கரகரக்கிறது. “ரெமி, ஏதாவதுங்களா?” “ஒண்ணுமில்ல மேடம்.” “குட்டி?” “கத்துது.” “கையி காலு?” “இருக்கு மேடம்.” “வேற ஏதாவது துளை கண்டுபிடிச்சிருந்தா நிச்சயமா தேடிக்கிட்டு வருமுங்க. மூணு கிலோமீட்டர் அதுக்குப் பெரிசில்ல. பொறுமையா இருங்க.” நல்ல மனுஷி. என்னைத் தேற்றுகிறார். என்னைத் தேற்றுகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். பிலோமினா அக்கா என்னைத் தேற்றினாள், அவள் புருஷன் செத்த அன்றைக்கு அவள் என்னைத் தேற்றினாள். ராத்திரி தட்டு வைத்து இட்லி போட்டாள், சாப்பிடுலே, காலையிலருந்து பட்டினி கெடக்க என்றாள், நான் ஆறு இட்லி சாப்பிட்டேன். எண்ணியதால் தெரியும். அழுகை வரவில்லை, எண்ணிக்கை வந்தது. கல்லறையில் மெழுகுவர்த்தி எத்தனை என்று எண்ணினேன், சாமியார் எத்தனை முறை தண்ணீர் தெளித்தார் என்று எண்ணினேன். கஸ்பார் மச்சான் பெட்டிக்குள் கோட்டு சூட்டோடு, கல்யாணத்தன்று போட்ட அதே கோட்டு, படுத்திருந்தான். கோட்டில் பித்தான் மூன்று. மூன்றா. ஒன்று அறுந்திருந்தது, அப்படியென்றால் ரெண்டு. எங்கே போனாலும் இந்த ஒன்று, மூன்று. எங்கள் பக்கம் சங்கு குளிக்கக் கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைப் பொண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். கூலிக்கு வந்தவன் கயிற்றைப் பிடிப்பான், மச்சினன் தாலியைப் பிடிப்பான் என்று சொல்வார்கள். கம்ப்ரசர் வந்து, காற்றுக்குழாய் வந்து, பிறகும் அந்த ஒரு வழக்கத்தை மட்டும் யாரும் விடவில்லை. கல்யாணமாகி முதல் முறை மச்சான் குளிக்கப் போனபோது அக்கா கயிற்றைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். “நீ புடிச்சா நான் மத்தியானம் கொஞ்சம் தூங்குவேன்லே” என்றாள். ஒன்பது வருடம் அவள் மத்தியானத்தில் தூங்கினாள்.

கீழேயிருந்து ஒரு இழுப்பு என்றால் கயிறு விடு. மூன்று இழுப்பு என்றால் தூக்கு. ரெண்டு கிடையாது, குழப்பம் வரும் என்று ரெண்டை வைக்கவில்லை. குழப்பம் வராமல் இருக்க எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பெரியவர்கள். அன்றைக்கு மச்சான் பத்துப் பாகம் ஆழத்தில் இருந்தான். நான் பீடி பற்றவைக்கப் பார்த்தேன், வாடைக்காற்று, தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது, ரெண்டு கையும் வேண்டியிருந்தது. கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டேன். எல்லோரும் செய்வதுதான், எவனும் சொல்லமாட்டான். கயிறு ஆடியது. கையில் இருந்தால் கை எண்ணும், கட்டைவிரலுக்கு எண்ணத் தெரியாது. ஆடியது, அவ்வளவுதான் தெரியும். ஒன்றாகத்தான் இருக்கும், சங்கு கிடக்கிறது, நகர்ந்து போகப் பார்க்கிறான் என்று நினைத்துக் காலாலேயே கயிற்றைத் தளர்த்தி விட்டேன். பீடி பற்றிக்கொண்டது. நல்ல புகை. பாதி பீடி முடிந்த பிறகு கயிற்றைக் கையில் எடுத்தேன், கனம் வேறு மாதிரி இருந்தது. ஒன்றா மூன்றா. முதலில் ஒன்று ஆடி, நான் குனிந்திருந்தபோது ரெண்டு ஆடியிருக்கலாம். மூன்றும் ஆடி எனக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கலாம். ஒன்றே ஒன்றுதானாகவும் இருக்கலாம், அவனுக்கு அதற்கு மேல் தெம்பில்லாமல் போயிருக்கலாம். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார், “கயிறு ஆடுச்சாடே?” நான் சொன்னேன், “ஆடல சார்.” ரெண்டே சொல். அதை வைத்து எல்லோரும் ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். இழுப்பு கொடுக்கவில்லை, அப்படியென்றால் தானாகவே ஆழத்துக்குப் போயிருக்கிறான், பெரிய சங்கு கண்டிருப்பான், பேராசை, தலை சுற்றியிருக்கும். நான் ஒன்றும் கட்டவில்லை. கட்டியதைப் பிரிக்கவுமில்லை. போன கிறிஸ்துமஸுக்கு அக்கா தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், மாவு பிசைந்தபடி, கோபமாகக்கூட இல்லை, “உங்கப்பாவுக்குப் போதும்னு சொல்லத் தெரியாதுட்டி, அதான் நம்மளை இப்படி விட்டுட்டுப் போனான்.” மகளுக்கு ஏழு வயது. நான் அங்கேதான் நின்றேன், கையில் முறுக்கு அச்சு. அவள் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, கயிறு ஆடியதா என்று. என்னிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை, அதுதான். அப்புறம் நான் கடலுக்குப் போகவில்லை. சென்னையில் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் கயிறு, வின்ச், கருவி இறக்குகிற வேலை கிடைத்தது, அங்கேயிருந்து இங்கே. கடலுக்குப் போகமாட்டேன் என்றவன் உறைந்த கடலின் மேல் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பதினொன்று பத்தொன்பது. தண்ணீர் ஏறுகிறது. துளைக்குள் கூழ்ப்பனி மெல்ல உப்பி விளிம்பைத் தொடுகிறது, கீழேயிருந்து ஏதோ பெரியது வந்தால்தான் அப்படி ஏறும். எழுந்துவிடக்கூடாது. குட்டி கத்துவதை நிறுத்திவிட்டது, மூக்கை நீட்டுகிறது. ஒரு தலை வந்தது. கறுத்த பெரிய தலை, மூக்குத்துளை ரெண்டும் திறந்து புஸ்ஸென்று விட்ட மூச்சின் ஈரம் என் முகத்தில் விழுந்து அப்படியே உறைகிறது. மீன் வாடை. தூத்துக்குடி ஏலக்கூடத்து வாடை. அது முன்துடுப்பை ஊன்றி, உடம்பை ரெண்டு மூன்று குலுக்கில் பனி மேல் இழுத்துப் போட்டது, குட்டி தவழ்ந்து ஓடுகிறது, ஓடி வயிற்றில் மூக்கை வைத்தது. பெரியது திரும்பி வாயைத் திறந்து அதன் கழுத்தில் ஒரு வெடுக்கு. குட்டி உருண்டு விழுந்தது. மறுபடியும் போகிறது. மறுபடியும் வெடுக்கு. பெரியது நகர்ந்து பத்தடி தள்ளிப் போய், முதுகை எனக்குக் காட்டிப் படுத்துக்கொண்டது, வாலடியில் மஞ்சள் வில்லை இந்த முறை எனக்கு நேராக இருக்கிறது, முந்நூற்று எண்பத்தெட்டு. நேற்றும் இதேதான். இதே இடம், இதே முதுகு. குட்டியில்லாத, வேலையில்லாத ஒரு சீலைத் தாய் என்று எண்ணிவிட்டேன். ஏழெட்டு எட்டு நடந்திருந்தால் தெரிந்திருக்கும். “ரெமி, வந்துருச்சுங்களா? இங்கருந்து ஏதோ தெரியுதுங்க.” “அது வேற மேடம். எண்பத்தெட்டு.” “ஓ.” நம்பரை முணுமுணுத்தார். “அது நேத்து ராத்திரி எங்கயோ மூச்சு விட்டிருக்கு பாத்தீங்களா, அப்ப பக்கத்துல வேற துளை இருக்குதுங்க. நல்ல சேதிதான்.” நல்ல சேதி. அது இறங்கப் பார்த்தபோது துளை மூடியிருந்தது, பனி மேலேயே ஊர்ந்து விரிசலைத் தேடிப் போயிருக்கும், அதற்கு இங்கே யாருமில்லை, போய்விட்டது. தாய் போகாது. தாய்க்கு மேலே குட்டி கத்துவது கேட்டிருக்கும், பனிக்குள் எல்லாம் கேட்கும், அது போகாமல் இங்கேயே நின்று மூடியைக் கடித்திருக்கும். எவ்வளவு நேரம். மூச்சு தீரும் வரைக்குமா, பிறகும் கொஞ்சமா, அல்லது தீருவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டு விலகியிருக்குமா. விலக வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். கர்த்தரே, அது கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

பயம் என்று ஒன்று வருகிறது. சோகமில்லை, அழுகையில்லை, வெறும் பயம். பதினொன்று முப்பத்தைந்து. குட்டி துளையருகே படுத்துவிட்டது, கத்தவில்லை. கத்தாமல் இருப்பது இன்னும் மோசம். அதன் கண் ரெண்டும் பெரிசு, முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் நீர் வழிந்து மயிரில் உறைந்திருக்கிறது. அழுகையில்லை, சீலுக்கு எப்போதும் கண்ணீர் வழியும், உப்பு, காற்று, அதற்காக என்று மேடம் விளக்கியிருக்கிறார். அழாமலே கண்ணீர் வழிகிற ஜீவனும், கண்ணீர் வழியாமலே நானும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், நல்ல ஜோடி. ரெண்டு கேனையும் எடுத்து வைத்தது யாருக்கும் தெரியாது, மூடியின் அடி தெரியாது, புயலில் மூடியது என்று எழுதுவார்கள், இயற்கை. நோட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, இயற்கை என்று எழுத அது போதுமான அளவு. நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். இப்படித்தான் அன்றைக்கும் எல்லாம் தானாக நடந்தது. மனுஷனுக்குப் பேராசை, கடலுக்குப் புயல், எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது, எவனும் என் பெயரை எழுதவில்லை. “ரெமி, நாப்பது ஆச்சு. சொல்லுங்க.” “ஒண்ணுமில்ல மேடம்.” “குரலு ஒரு மாதிரி இருக்குதுங்களே. குளிருதா?” “இல்ல மேடம்.” குளிரவில்லை என்பது உண்மை. இடது கை எங்கே முடிகிறது, வாக்கிடாக்கி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

சத்தம் முதலில் காலுக்குத்தான் வந்தது. பனியின் அடியில் ஒரு நீண்ட விசில், உயரத்தில் தொடங்கி இறங்கி இறங்கி, கடைசியில் வெறும் டொக் டொக் என்று ஆகிவிட்டது. குட்டி தலையைத் தூக்கியது. பதினொன்று ஐம்பத்தேழு. கூழ்ப்பனி அசைந்தது, அடங்கியது. மறுபடியும் அசைந்தது. அடங்கியது. எழாதே எழாதே என்று எனக்கா அதற்கா சொல்கிறேன், தெரியவில்லை. பிறகு தலை வந்தது, வந்து மூச்சை உள்ளே இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது, ஒரு உடம்புக்குள் அவ்வளவு காற்று போகுமா என்று இருந்தது. இருபத்தாறு மூச்சு எண்ணினேன். குட்டி விளிம்பில் தொங்கிக்கொண்டு அதன் மூக்கோடு மூக்கை வைக்கிறது, வெடுக்கில்லை. அது வாயைத் திறந்தபோது பார்த்தேன். மேல்வரிசையில் முன்பல் நாலும் இல்லை, கோரைப்பல் ஒன்று பாதியில் முறிந்து குச்சியாக நிற்கிறது, ஈறு கிழிந்து ரத்தம் கூழ்ப்பனியில் சொட்டுகிறது. மூன்று முறை ஏறப் பார்த்துச் சறுக்கியது. நாலாம் முறை ஏறிவிட்டது. படுத்த உடனே குட்டி பாலுக்குப் போய்விட்டது, பால் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. தாயின் வாய் ரத்தம் குட்டியின் முதுகில் விழுந்து உறைகிறது. வில்லையைப் பார்க்க எழுந்தேன். ஏழெட்டு எட்டு வைத்து, தூரமாகச் சுற்றி நடந்து போய்ப் பார்த்தேன். நானூற்றுப் பதினேழு.

சந்தோஷம் வரும் என்று அங்கேயே நின்று பார்த்தேன். வரவில்லை. வாக்கிடாக்கியை எடுத்து, “மேடம், வந்துட்டு. பதினேழுதான். பால் குடுக்குது” என்றேன். அந்தப் பக்கம் அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு சத்தம். “எனக்குத் தெரியுமுங்க, எனக்குத் தெரியும். எப்படி இருக்குது?” “வாயில அடி மேடம். முன்பல்லு நாலும் போச்சு. கோரப்பல்லு ஒண்ணு முறிஞ்சிருக்கு.” சத்தம் நின்றது. மேடம் சொன்னார், “பல்லுலதானுங்க ரெமி அது பனியைச் சீவித் துளையைத் திறந்து வச்சுக்குது. பல்லு தேஞ்சுதான் இதுக எல்லாமே கடைசியில சாகும். இதுக்கு இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கும். இனி எவ்வளவோ, தெரியல.” பிறகு காகிதம் புரளும் சத்தம். “சரிங்க, இந்தக் குட்டிக்கு இப்போதைக்கு அம்மா இருக்குது, அது போதும். நான் காரணத்துல புயல்ல துளை அடைஞ்சதுனால காயம்னு போட்டுக்கறேன். இயற்கை. சரிங்களா?” வார்த்தை தயாராக இருந்தது. நல்ல மனுஷி தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார், நான் தலையை ஆட்டக்கூட வேண்டாம், இங்கேயிருந்து ஆட்டினால் அவருக்குத் தெரியாது, சும்மா இருந்தாலே போதும்.

“இல்ல மேடம்” என்றேன். “மூடி மேல பாரம் வச்சேன்.” “என்ன பாரம்?” “டீசல் கேன். ரெண்டு.” “காலி கேனுங்களா?” “நெறஞ்சது மேடம். ரெண்டும்.” நிலையத்தில் வயர்லெஸ் அறையில் இருப்பவனுக்கும் இது கேட்கும், சாப்பாட்டு அறை ஸ்பீக்கரிலும் கேட்கும், எல்லோருக்கும் பொதுவான அலைவரிசை. “காலைல கேட்டனே. ஏன் சொல்லலீங்க?” “சொல்லல மேடம். மூடிக்கு அடியில கடிச்ச தடம் இருக்கு. மேல பெட்டியப் போட்டு உக்காந்துட்டேன்.” நான் திரும்பி வந்து பெட்டியை இழுத்துத் தள்ளி, மூடியைப் புரட்டி, அடிப்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி பனியில் போட்டேன். முந்நூறு மீட்டரிலிருந்து தொலைநோக்கிக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும். பிறகு, அந்த நயமான ‘ங்க’ எல்லாம் போய்விட்ட குரலில் கேட்டார், “இதை எழுதினா உங்களை இனிமே கடல்பனிக்கு அனுப்ப மாட்டாங்க. முதல் கப்பல்ல ஏத்தி விட்டாலும் விடுவாங்க, தெரியுமா?” “தெரியும் மேடம்.” “எழுதட்டுமா?” “எழுதுங்க. ரெமிஜியூஸ்னு முழுப் பேரு போடுங்க.” அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் நான் காத்திருந்தேன். கை வலிக்க ஆரம்பித்தது, நுனியிலிருந்து, விரல் விரலாக, தாங்க முடியாத வலி. “எழுதிட்டேன்” என்றார். “வாங்க, கிளம்பலாம்.”

“மேடம், இன்னைக்கு சாட்டிலைட் போன் முறை யாருக்கு?” “டாக்டருக்குங்க. ஏன்?” “எனக்கு மாத்திக் கேட்டு வாங்கித் தாங்க. எங்கக்காட்ட ஒண்ணு சொல்லணும். அவ புருசன் பேராசையில சாகல. கயிறு ஆடிச்சு. நான் கையில புடிச்சிருக்கல. இருபது மாசமா சொல்லல.” எந்தக் கயிறு, யார் புருஷன் என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. வண்டியின் எஞ்சினைப் போட்டார், அந்தச் சத்தத்துக்கு நடுவே, “பத்து நிமிஷம்தான் தருவாங்க, போதுமா?” என்றார். “சொல்ல ஒரு நிமிஷம் போதும் மேடம்” என்றேன். “மிச்சம் அவளுக்கு.”